வேலியே பயிரை மேய்ந்த கதைகள் – ஆன்ட்டிவைரஸும் பொய் அலாரமும்

ஆன்ட்டிவைரஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அது பிடித்த வைரஸ்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மெலிசா, ஐ லவ் யூ, கான்ஃபிக்கர் என்று பெரிய பட்டியலே உண்டு. ஆனா பிடிக்கக் கூடாததைப் பிடித்து, அடிக்கக் கூடாதவனை அடித்து, கடைசியில் பொட்டியையே படுக்க வைத்த கதைகள் இருக்கே, அது இதைவிட சுவாரசியம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

துறைக்காரர்கள் இதை ஃபால்ஸ் பாசிட்டிவ் என்பார்கள். அதாவது ஒரு நல்ல ஃபைலை "இது வைரஸ்" என்று ஆன்ட்டிவைரஸ் முத்திரை குத்துவது. நான் சுருக்கமா பொய் அலாரம் என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்கா.

அங்க அடையாளம் மட்டும்தான் சாட்சி

1986ல் பாகிஸ்தானின் லாகூரில் இருந்த அல்வி சகோதரர்கள் இருவர் எழுதின 'பிரெய்ன்' தான் ஐபிஎம் பிசிக்களில் பரவின முதல் வைரஸ் என்று சொல்வார்கள். அதற்கு அடுத்த ரெண்டு மூணு வருஷத்திலேயே ஆன்ட்டிவைரஸ் வியாபாரமும் சூடு பிடித்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமை. வைரஸின் உடம்பிலிருந்து ஒரு துண்டு பைட் வரிசையை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வது. பிறகு கணினியில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் அந்தத் துண்டு இருக்கிறதா என்று தேடுவது. இந்தத் துண்டுக்குப் பெயர் சிக்னேச்சர்.

போலீஸ் ஸ்டேஷனில் அங்க அடையாளம் எழுதி வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. "முறுக்கு மீசை, கட்டம் போட்ட சட்டை" என்று மட்டும் எழுதி வைத்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பத்து பேரை உள்ளே தூக்கிப் போட வேண்டியதுதான். அதற்குப் பயந்து உச்சி முதல் பாதம் வரை எழுதி வைத்தால், திருடன் மீசையை மழித்துக்கொண்டு கண்ணெதிரே நடந்து போய்விடுவான். சிக்னேச்சர் சின்னதாக இருந்தால் அப்பாவி மாட்டுவான், பெரிதாக இருந்தால் வைரஸ் கொஞ்சம் வேஷம் மாற்றித் தப்பிக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இந்தத் தொழிலின் தலைவலி இதுதான்.

ஆன்ட்டிவைரஸ் பார்ப்பது அடையாளத்தைத்தான், குற்றத்தை இல்லை என்பதற்கு ஒரு அருமையான உதாரணம் ஐகார் சோதனை ஃபைல். வெறும் 68 எழுத்துகள். ஓட்டினால் திரையில் ஒரு வரி காட்டிவிட்டு முடிந்துபோகும், ஒரு ஈ எறும்பைக்கூடத் தொடாது. ஆனால் ஆன்ட்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, "இதைப் பார்த்தால் எல்லாரும் கத்த வேண்டும்" என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஃபைல் அது. ஒரு பாவமும் செய்யாத 68 எழுத்தைப் பார்த்து இத்தனை கம்பெனியும் அலறுகின்றன என்றால், மற்ற அலறல்களையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்தானே?

டாஸ் காலத்தில் இதைவிடக் கூத்து. ஒரு ஆன்ட்டிவைரஸை ஓட்டி முடித்தால், அது வைத்திருந்த சிக்னேச்சர் துண்டுகள் மெமரியிலேயே கிடக்கும். அடுத்து வேறு கம்பெனியின் ஆன்ட்டிவைரஸை ஓட்டினால், "ஐயோ, மெமரியில் வைரஸ்!" என்று அது கத்தும். ஒரு போலீஸ்காரர் பையில் வைத்திருந்த திருடன் போட்டோவைப் பார்த்து இன்னொரு போலீஸ்காரர் அவரையே கைது செய்த கதை. பேய் அலாரம் என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம்தான் சிக்னேச்சர்களை மறையாக்கம் செய்து வைக்கும் பழக்கம் வந்தது.

இதற்கெல்லாம் ஒரு முழுத் தீர்வு கிடையாதா? கிடையாது என்று கணக்குப் போட்டே காட்டிவிட்டார் ஃப்ரெட் கோஹன். 1984ல் கம்ப்யூட்டர் வைரஸ் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவர். எந்த ஒரு நிரலையும் பார்த்து, அது வைரஸா இல்லையா என்று எப்போதும் தப்பில்லாமல் சொல்லக்கூடிய ஒரு நிரலை எழுதவே முடியாது என்பது அவர் நிறுவின விஷயம். ஆக, ஒன்று சில வைரஸ்கள் தப்பும், அல்லது சில அப்பாவிகள் மாட்டுவார்கள். எது எவ்வளவு என்பதுதான் கம்பெனிகள் கையில் இருக்கிறது.

அந்த 'எவ்வளவு' பற்றி முதலில் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தவர்களில் ஐபிஎம்காரர்களைச் சொல்ல வேண்டும். 1994ல் ஜெஃப்ரி கெப்ஹார்ட், வில்லியம் அர்னால்ட் இருவரும் சிக்னேச்சரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஆளிடமிருந்து எடுத்துக் கணினியிடம் கொடுத்தார்கள். நல்ல நிரல்களை நிறைய சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றில் எந்த பைட் வரிசை வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவோ அதை மட்டும் வைரஸின் அடையாளமாக எடுப்பது. "மீசை" வேண்டாம், மீசை எல்லாரிடமும் இருக்கு. "இடது காதில் மூணு தழும்பு" என்று எழுது. அவ்வளவுதான் மேட்டர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. அந்த நல்ல நிரல்களின் சேமிப்பில் எது இருக்கிறதோ, அதற்குத்தான் பாதுகாப்பு. சேமிப்பில் இல்லாத நல்லவனுக்கு யார் ஜாமீன்? இனி வரும் கதைகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

நாலு வருஷம், நாலு பெரிய கூத்து

கூத்து ஒன்று: 2006 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. மெக்காஃபி வெளியிட்ட 4715 எண் அப்டேட், நூற்றுக்கணக்கான நல்ல ஃபைல்களைப் பழைய 'சிடிஎக்ஸ்' வைரஸ் என்று சொல்லிவிட்டது. மாட்டினவர்களில் மைக்ரோசாஃப்ட் எக்ஸெலும் ஒருவர்! எந்த ஆபீஸில் ஆன்ட்டிவைரஸை "பார்த்ததும் அழி" என்று அமைத்து வைத்திருந்தார்களோ, அங்கே எக்ஸெல் காலி. சில மணி நேரத்தில் 4716 வந்து சரி செய்தது. அழிந்த ஃபைலை எல்லாம் திரும்ப வைக்கிற வேலை மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டர் பையன்கள் தலையில்.

கூத்து ரெண்டு: 2007 மே 18, சீனா. சிமான்டெக்கின் நார்ட்டன் ஆன்ட்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ரெண்டு ஃபைல்களை 'ஹாக்ஸ்டோர்' என்ற ட்ரோஜன் என்று சொல்லித் தூக்கிவிட்டது. எளிய சீன எழுத்தில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ல், மைக்ரோசாஃப்டின் ஒரு குறிப்பிட்ட திருத்தமும் போட்டிருந்த கணினிகள் மட்டும்தான் மாட்டின. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டவர்களுக்குக் கணினி எழுந்திருக்கவே இல்லை. விண்டோஸ் சிடியைப் போட்டு அந்த ரெண்டு ஃபைலையும் கையால் காப்பி செய்ய வேண்டியிருந்தது. பிறகு சிமான்டெக் நஷ்டஈடு மாதிரி லைசென்ஸை ஒரு வருஷம் நீட்டித்து, பேக்கப் எடுக்கிற மென்பொருள் ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தது. வீட்டை இடித்துவிட்டு இன்ஷூரன்ஸ் ஃபாரம் நீட்டின மாதிரி :-)

அதே 2007 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரையே ஒரு வைரஸ் என்று நினைத்துப் பிடித்தது. சில மணி நேரத்தில் திருத்தினார்கள். சின்னக் கூத்து, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

கூத்து மூணு: 2008 நவம்பர். இந்த முறை ஏவிஜி. இலவசமாகக் கிடைத்ததால் நம்மில் பாதிப் பேர் பொட்டியில் அந்தக் காலத்தில் இதுதான் இருந்தது. எக்ஸ்பியின் 'யூசர்32' ஃபைலை, வங்கிக் கடவுச்சொல் திருடும் ட்ரோஜன் என்று சொல்லி அழிக்கச் சொன்னது. சரி என்று சொன்னவர்களுக்குக் கணினி போட்டுப் போட்டு அணைந்தது. மாட்டினது எந்த விண்டோஸ் தெரியுமா? டச்சு, பிரெஞ்சு, இத்தாலியன், போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் மொழிகளில் வந்தவை. ஆங்கில விண்டோஸ் தப்பியது.

கூத்து நாலு: எல்லாத்துக்கும் அண்ணன். 2010 ஏப்ரல் 21, புதன்கிழமை. மறுபடி மெக்காஃபி. 5958 எண் அப்டேட், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3ல் இருக்கும் 'எஸ்விசிஹோஸ்ட்' ஃபைலை 'வீகார்ல்' வைரஸ் என்று பிடித்தது. விண்டோஸின் பின்னணி வேலைகளை எல்லாம் தூக்கிச் சுமக்கிற கூலிக்காரன் அந்த ஃபைல். அவனைத் தூக்கினதும் நெட்வொர்க் போச்சு, கணினி திரும்பத் திரும்ப அணைந்து எழ ஆரம்பித்தது. நெட்வொர்க் இல்லாததால் திருத்தின அப்டேட்டை அனுப்பவும் வழியில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஆள் நேரில் போய் நிற்க வேண்டும்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில மருத்துவமனைகள், உயிருக்கு ஆபத்தில்லாத நோயாளிகளை அவசரப் பிரிவில் சேர்க்காமல் திருப்பி அனுப்பின. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான கணினிகள் படுத்தன. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் சூப்பர்மார்க்கெட்டின் பில் போடும் இயந்திரங்கள் நின்றுபோய், சில கடைகளை மூடவே வேண்டியதாயிற்று. இன்டெல் கம்பெனியும் அடி வாங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் அதே இன்டெல், மெக்காஃபியை 768 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது என்பது தனிக் காமெடி.

அந்த அப்டேட் வெளியே போகும்போது, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3ம் தங்களுடைய புது ஆன்ட்டிவைரஸ் பதிப்பும் சேர்ந்த கணினி சோதனை வரிசையில் இல்லை என்பது மெக்காஃபி பக்கத்திலிருந்து வெளிவந்த விளக்கம். இத்தனைக்கும் ஆபீஸ்கள் அன்றைக்கு எக்ஸ்பியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

யார் மாட்டினது?

இப்ப இந்த நாலையும் வரிசையாக வைத்துப் பாருங்க. சீன எழுத்து விண்டோஸ். பிரெஞ்சு, இத்தாலியன் விண்டோஸ். சோதனை வரிசையில் விட்டுப்போன எக்ஸ்பி. பொய் அலாரம் குருட்டாம்போக்கில் யார் தலையிலோ விழுகிற தேங்காய் இல்லை. சோதனை செய்கிறவர் மேசையில் எந்தக் கணினி இல்லையோ, அந்தக் கணினிக்காரன் தலையில்தான் அதிகமாக விழுகிறது.

ஏவிஜி கதையைப் படித்தபோது எனக்கு சட்டென்று நினைவுக்கு வந்தது எங்க ஊர்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பாரீஸிலிருந்து லீவுக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ, பழைய லேப்டாப்பை இங்கேயே விட்டுட்டுப் போவாங்க. விசைப்பலகையில் முதல் வரிசை க்யூவில் தொடங்காமல் ஏ, இசட் என்று தொடங்கும். உள்ளே விண்டோஸும் பிரெஞ்சில் பேசும். சர்வீஸ் கடைக்காரர் "தம்பி, இது என்ன பாஷைப்பா" என்று தலையைச் சொறிவார். அந்த மாதிரிப் பொட்டியில் இலவச ஏவிஜியும் இருந்து, 2008 நவம்பரில் "அழிக்கவா?" என்று கேட்ட பெட்டிக்கு ஓகே கொடுத்திருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்? பக்கத்து வீட்டு ஆங்கில விண்டோஸ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். "உன் பொட்டிதான் கெட்டுப்போச்சு" என்று சொல்லியிருப்பார்கள்.

தமிழில் தட்டினால் சந்தேகம்

அடுத்து நம்ம மேட்டருக்கு வருவோம். தமிழில் பொட்டி தட்டுகிற எல்லாரும் ஒரு கட்டத்தில் எ-கலப்பையோ, அழகியோ, என்ஹெச்எம் ரைட்டரோ போட்டவர்கள்தான். இவை என்ன செய்கின்றன? நீங்க ஆங்கில விசையில் 'அம்மா' என்று தட்டுவதை, அது வேர்டுக்கோ நோட்பேடுக்கோ போய்ச் சேருவதற்கு முன்னால் நடுவில் நின்று பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்புகின்றன.

சரி, கடவுச்சொல் திருடுகிற கீலாகர் என்ன செய்கிறது? அதுவும் விசைகளுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று பிடிக்கிறது. ரெண்டும் தட்டுவது ஒரே கதவை. ஒருவன் தபால்காரன், ஒருவன் திருடன். கதவைத் தட்டுகிறவன் எல்லாம் திருடன் என்று சட்டம் போட்டால், முதலில் தபால்காரன்தான் மாட்டுவான். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிற ஊரில் யாருக்கும் அந்தத் தபால்காரனே தேவையில்லை, அவனுக்காக வாதாட ஆளும் இல்லை.

எங்க தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கம்பெனிகளுக்கு பில் புக், லேபிள், மனு என்று எதுவும் செய்து கொடுப்பார் கடைக்காரர். ஒரு முகூர்த்த சீசனில், காலையில் கடையைத் திறந்தால் தமிழ் விசையே வரவில்லை. ராத்திரி வந்த அப்டேட்டில் ஆன்ட்டிவைரஸ் (பேரு வேணாம்) அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை "சந்தேகத்துக்குரிய விசை பிடிப்பான்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிக் குவாரன்டைனில் தள்ளியிருந்தது. என்னைக் கூப்பிட்டார். ஃபைலை வெளியே எடுத்து, அதை மட்டும் விட்டுவிடும்படி விதிவிலக்கு போட்டுக் கொடுத்தேன். ஓடியது. மூணு நாள் கழித்து அடுத்த அப்டேட், மறுபடி அதே கதை.

"தம்பி, வைரஸ் வந்தாகூட வேலை ஓடுது. இது வந்தா வேலையே ஓட மாட்டேங்குது. எடுத்துரு" என்றார்.

"அண்ணே, பென் டிரைவ் எல்லாம் வர்ற கடை, வேணாம்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவரே எடுத்துவிட்டார். மூணே வாரத்தில், காலேஜ் பசங்க பிராஜெக்ட் பிரிண்ட் போட வந்த ஒரு பென் டிரைவிலிருந்து வந்த வைரஸ், ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவிட்டு அதே பெயரில் தன் பிள்ளைகளை வைத்தது. அவர் கடைக்கு வந்த ஒவ்வொரு பென் டிரைவும் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனது.

பொய் அலாரத்தின் நிஜ நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். அழிந்த ஃபைலைத் திரும்ப வைத்துவிடலாம். போன நம்பிக்கை வராது. "புலி வருது, புலி வருது" கதையில் கடைசியில் புலி நிஜமாகவே வந்தது இல்லையா, அதேதான்.

சின்ன ஆளுக்கு யார் சாட்சி?

பெரிய கம்பெனி மாட்டினால் சத்தம் கேட்கும். 2011 செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்டின் ஆன்ட்டிவைரஸ், கூகுள் குரோமை 'இஸட்பாட்' என்ற வங்கி ட்ரோஜன் என்று சொல்லி நீக்கியது. மாட்டினது சுமார் 3,000 பேர் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. அன்றைக்கே திருத்தமும் வந்தது, உலகம் முழுக்க செய்தியும் வந்தது.

தனி ஆளாக எழுதுகிறவனுக்கு? நிர்சாஃப்ட் என்ற பெயரில் சின்னச் சின்ன இலவசக் கருவிகள் எழுதும் நிர் சோஃபர், 2009ல் இதைப் பற்றி மனசு நொந்து ஒரு பதிவே எழுதினார். கருவியை எழுதும் நேரத்தைவிட, "இது வைரஸ் இல்லை" என்று ஒவ்வொரு கம்பெனியாகப் போய் மன்றாடும் நேரம் அதிகம் என்கிற தொனியில் போகும் அது. ஆட்டோஹாட்கீ என்று விசை மாற்றும் நிரல் எழுத உதவும் ஒரு இலவச மொழி உண்டு. அதன் உதவிப் பக்கத்தின் 'அடிக்கடி கேட்கும் கேள்விகள்' பகுதியில் "என் ஆன்ட்டிவைரஸ் இதை வைரஸ் என்கிறதே?" என்ற கேள்வியும் இடம்பிடித்திருக்கிறது. அந்த மொழியில் திருடனும் எழுதினான், நல்லவனும் எழுதினான். ரெண்டு பேர் சட்டையும் ஒரே தையல்காரர் தைத்தது. சட்டையைப் பார்த்துப் பிடித்தால் வேறென்ன ஆகும்?

இதில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிப்பதும் உண்டு. ஸ்பெயினில் 2004ல் தொடங்கின வைரஸ்டோட்டல் தளம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபைலைக் கொடுத்தால் பல ஆன்ட்டிவைரஸ்களிடமும் காட்டிப் பதில் வாங்கித் தரும். 2012ல் இதைக் கூகுள் வாங்கியது. 2010ல் காஸ்பர்ஸ்கி ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரு கெடுதலும் இல்லாத 20 ஃபைல்களைத் தாங்களே செய்து, அதில் 10ஐ மட்டும் வேண்டுமென்றே வைரஸ் என்று முத்திரை குத்தி வைரஸ்டோட்டலில் போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்த 10 ஃபைலையும் மற்ற கம்பெனிகளும் வைரஸ் என்றன. ஒரு ஃபைலுக்கு அதிகபட்சம் 14 கம்பெனி வரை! பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினவன் தப்பையும் சேர்த்து எழுதின கதை. அதனால் "நாலு ஆன்ட்டிவைரஸ் சொல்லுது, அப்ப வைரஸ்தான்" என்று உடனே முடிவு கட்டாதீங்க. நாலும் ஒரே பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

2009 வாக்கில் இன்னொரு முறை வந்தது. நார்ட்டன் "இந்த ஃபைலை உலகத்தில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?" என்று பார்த்து மதிப்பெண் போட ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்க்ரீனும் இதே வழியில் 2011ல் பிரவுசரிலும், 2012ல் விண்டோஸ் 8லும் சேர்ந்துகொண்டது. தினமும் புதுசு புதுசாகப் பிறக்கும் வைரஸை மடக்க இது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்நூறு பேர் மட்டும் பயன்படுத்தும் ஒரு தமிழ் எழுத்துரு மாற்றியின் கதி? யாருக்கும் தெரியாதவன் என்பதே அவன் குற்றம் ஆகிவிடுகிறது. காசு கட்டி டிஜிட்டல் கையொப்பம் வாங்கினால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். இலவசமாக எழுதிக் கொடுக்கிறவன் அதற்கு வருஷா வருஷம் எங்கே போவான்?

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போனார்கள். ஜாங்கோ என்ற விளம்பர மென்பொருள் கம்பெனி காஸ்பர்ஸ்கி மேல் வழக்குப் போட்டது. எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் பாதுகாப்பு மென்பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2009ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ல் எனிக்மா – மால்வேர்பைட்ஸ் வழக்கில், போட்டியாளரை அமுக்குவதற்காகச் செய்தால் அந்தப் பாதுகாப்பு செல்லாது என்று ஒரு வரம்பு போட்டார்கள். கம்பெனிகளுக்கு இடையே நடந்த சண்டை இது. நம்ம டிடிபி கடைக்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

காவல்காரன் தன் காலையே கடித்தபோது

2012 செப்டம்பர் 19. சோஃபோஸ் ஆன்ட்டிவைரஸ், அப்டேட் செய்யும் நிரல்களை எல்லாம் வைரஸ் என்று சொல்ல ஆரம்பித்தது. அதில் தன்னுடைய அப்டேட் நிரலும் அடக்கம். திருத்தம் வர வேண்டிய வழியையே தானே அடைத்துக்கொண்டது! 2015 மார்ச்சில் பாண்டா ஆன்ட்டிவைரஸும் தன் ஃபைல்களையே பிடித்துக் குவாரன்டைனில் போட்டுக்கொண்டது. "தயவுசெய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று கம்பெனி கெஞ்ச வேண்டியதாயிற்று.

பழைய கதை என்று நினைக்காதீங்க. 2022 செப்டம்பரில் விண்டோஸ் டிஃபெண்டர், குரோம் உட்பட பல நல்ல மென்பொருள்களைத் திறக்கும்போதெல்லாம் அபாயம் என்று கத்தியது. 2023 ஜனவரி 13 அன்று டிஃபெண்டரின் ஒரு விதி, ஆபீஸ் கணினிகளின் ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களை அழித்துவிட்டது.

2024 ஜூலை 19 எல்லாருக்கும் நினைவிருக்கும். கிரௌட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம்ம விமான நிலையங்களில் கையால் எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கறாராகச் சொன்னால் இது பொய் அலாரம் இல்லை. அப்டேட்டில் இருந்த ஒரு கோளாறால் பாதுகாப்பு மென்பொருளே விழுந்து விண்டோஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஆனால் நோய் வந்த வழி அதேதான்: சோதனையில் தப்பின ஒரு அப்டேட், உலகத்துக்கே ஒரே நேரத்தில். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கிரௌட்ஸ்ட்ரைக்கின் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ், 2010ல் அந்த 5958 அப்டேட் வந்த நாளில் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. ஒரே ஆள், ரெண்டு விபத்து!

எதுவும் மாறவில்லையா?

மாறியிருக்கிறது, நியாயத்தைச் சொல்ல வேண்டும். வைரஸ் புல்லட்டின் என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1998ல் தொடங்கின விபி100 தேர்வில், பரவலாக உள்ள வைரஸ்களை எல்லாம் பிடித்தால் மட்டும் போதாது, நல்ல ஃபைல் ஒன்றைத் தொட்டாலும் ஃபெயில் என்று விதி வைத்தார்கள். சென்னையில் 1991ல் தொடங்கின நம்ம கே7, புனேயின் குவிக் ஹீல் எல்லாம் எழுதின பரீட்சைதான் அது. நல்ல ஃபைல்களின் சேமிப்புகள் பெரிதாகின. அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் பழக்கம் வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் ஃபைலை முன்கூட்டியே கொடுத்து, யாராவது தப்பாகப் பிடித்தால் தெரிந்துகொள்ள 2018ல் வைரஸ்டோட்டல் ஒரு ஏற்பாடும் செய்தது.

ஆனா அந்தச் சேமிப்பில் யார் ஃபைல் இருக்கிறது என்பதுதான் இன்றைக்கும் கேள்வி. அதனால நாம செய்யக்கூடியது:

1. அலாரம் வந்தால் அழிக்காதீங்க, குவாரன்டைனில் மட்டும் வைங்க. அழிப்பது தூக்குத் தண்டனை, குவாரன்டைன் ரிமாண்டு. ரிமாண்டிலிருந்து திரும்பி வரலாம்.

2. நேற்று வரை வருஷக்கணக்கில் ஒழுங்காக இருந்த ஃபைல் இன்றைக்கு அப்டேட் வந்த பிறகு திடீரென்று மாட்டினால், பொய் அலாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். நேற்றுதான் எங்கிருந்தோ இறக்கின ஃபைல் என்றால் அலாரத்தை நம்புங்க. "பொய் அலாரம்தான், ஆன்ட்டிவைரஸை அணைச்சிட்டுப் போடு" என்று சொல்லும் கிராக் மென்பொருள்காரனை மட்டும் எந்தக் காலத்திலும் நம்பாதீங்க. அவன் வியாபாரமே இந்த வசனம்தான்.

3. விண்டோஸின் சொந்த ஃபைல் மாட்டினால், நெட்டில் கொஞ்சம் தேடிப் பார்க்கிற வரைக்கும் ரீஸ்டார்ட் செய்யாதீங்க. சீனாவில் அடி வாங்கினவர்கள் ரீஸ்டார்ட் செய்தபோதுதான் அடி வாங்கினார்கள்.

4. விதிவிலக்கு போடும்போது அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் போடுங்க. சி டிரைவ் முழுக்கப் போட்டால் வேலியைப் பிடுங்கி எறிந்த மாதிரி.

5. கடைசியாக, முக்கியமாக: தப்பாகப் பிடித்த ஃபைலை அந்த ஆன்ட்டிவைரஸ் கம்பெனிக்கே அனுப்புங்க. பெரும்பாலான கம்பெனிகளிடம் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. அஞ்சு நிமிஷ வேலை. நாம சும்மா விதிவிலக்கு போட்டுவிட்டுப் போனால் நம்ம பொட்டி மட்டும் பிழைக்கும். அனுப்பினால்தான் அந்தத் தமிழ் மென்பொருள் நல்லவர்கள் பட்டியலில் ஏறும், அடுத்த ஊர் டிடிபி கடைக்காரரும் பிழைப்பார்.

சீனாக்காரர்கள் கோடிக்கணக்கில் இருந்தும் அவர்கள் விண்டோஸே 2007ல் அந்த மேசைக்கு வராமல் போயிருக்கிறது. தமிழ் மென்பொருளை அங்கே யாரும் தேடிக் கொண்டுபோய் வைக்கப் போவதில்லை. நாமதான் எடுத்துக்கிட்டுப் போய் வைக்கணும்.

பி.கு: இந்தப் பதிவில் வரும் வைரஸ் பெயர்களைப் பார்த்து உங்க ஆன்ட்டிவைரஸ் அலாரம் அடித்தால், எதுக்கும் மேலே உள்ள முதல் பாயிண்டை ஒரு தடவை படிச்சிருங்க :-)